துகள் கூட்டத்தில் தலை எண்ணியவர்கள்

பிரபஞ்சத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் முடிந்ததும் வந்து விழும் கோப்பை முதன்முதலாகத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். எழுத்தாக மாற்றிப் பார்த்தால் வரிக்கு ஒரு துகள். ஒவ்வொரு வரியிலும் ஓர் அடையாள எண், இருக்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள், வேகத்தைச் சொல்ல இன்னும் மூன்று. இப்படிக் கோடிக்கணக்கான வரிகள். பத்திரிகைகளில் வரும் ஊதாவும் பொன்னிறமுமான வலைப்பின்னல் படங்களெல்லாம் பிற்பாடு செய்கிற அலங்காரம். இந்தத் துகள் இந்த விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தது என்று எந்த வரியிலும் எழுதியிருக்காது. அதை யாராவது கண்டுபிடித்து எழுத வேண்டும். புனேயில் ஓர் ஆய்வுக் குழுவுக்கு நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் என் வேலையில் பெரும்பங்கு அதுதான்.

"அங்க என்னதாம்ல வேல பாக்க?" என்று ஒருமுறை பாளையங்கோட்டையில் அம்மா கேட்டாள். என்னால் முடிந்தவரை விளக்கினேன். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தெருத் தெருவாக அலைந்தவள். "நாங்க பாத்த வேலதானல இது. ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி குடும்பமா இருப்பாங்க. அடுப்பு ஒண்ணுன்னா ஒரு குடும்பம், ரெண்டுன்னா ரெண்டு. எளுதிட்டுப் போய்ட்டே இருக்கணும்" என்றாள். நம் கணக்கெடுப்பில் குடும்பத்துக்கு உண்மையிலேயே அதுதான் வரையறை: சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர்கள். வானியலாளர்கள் அப்படி ஓர் அடுப்பைத் தேடி அரை நூற்றாண்டாக அலைகிறார்கள். அந்த அலைச்சலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிமுலேஷனை ஓட்டியவர்களுக்குப் பெயர் கிடைக்கிறது. எண்ணியவர்கள் அடிக்குறிப்போடு சரி.

இந்தத் தொழிலின் கதை, எண்ணுவதற்குத் தேவையே இல்லாத ஒரு காலத்தில் தொடங்குகிறது. 1941இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெரி இரண்டு விண்மீன் மண்டலங்களுக்குப் பதிலாக, ஒரு மண்டலத்துக்கு 37 வீதம் மொத்தம் 74 மின்விளக்குகளை அடுக்கி வைத்தார். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஒளியும் அப்படியே குறைகிறது. ஆகவே ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் மற்ற விளக்குகளின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு விழுகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்தால், அங்கே செயல்படும் ஈர்ப்பு தெரிந்துவிடும். அளந்து, விளக்குகளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி, இரண்டு மண்டலங்கள் அருகருகே கடந்து போகும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார். கடலில் ஓதம் எழுவதுபோல இரண்டிலும் கைகள் நீள்வதையும், அந்தச் சந்திப்பில் ஆற்றல் குறைந்து ஒன்று மற்றொன்றிடம் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதையும் கண்டார். கணினி கைக்கு வருவதற்கு முன்னால் ஓடிய சிமுலேஷன் இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக் கட்டுரை எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன். எந்த விளக்கு எந்த மண்டலத்துடையது என்ற சந்தேகம் ஹோம்பெரிக்கு வர வாய்ப்பில்லை. அடுக்கி வைத்தவரே அவர்தானே.

கணினி வந்த பிறகும் சில காலம் இந்த நிம்மதி நீடித்தது. 1960இல் ஹைடல்பெர்கில் செபாஸ்டியன் ஃபான் ஹோர்னர் 16 துகள்கள் வரை ஓட்டினார். 1963இல் கேம்பிரிட்ஜில் ஸ்வெர்ரே ஆர்செத் அதை 100 வரை கொண்டுபோனார். 1970இல் ஜிம் பீபிள்ஸ் கோமா என்னும் பெரிய மண்டலக் கொத்தை 300 துகள்களால் உருவாக்கிப் பார்த்தார். 1976இல் சைமன் ஒயிட் 700 துகள்களால். கோமா கணக்குகளில் ஒரு துகள் என்றால் ஒரு மண்டலம். துகளை எண்ணினால் மண்டலத்தை எண்ணியாயிற்று.

சிக்கல் 1974இல் ஆரம்பித்தது என்று சொல்லலாம். கால்டெக்கில் வில்லியம் பிரெஸ், பால் ஷெக்டர் இருவரும் 1,000 துகள்களை ஓட்டினார்கள். இந்தத் துகள்களுக்கு மண்டலம் என்ற பட்டம் கிடையாது, வெறும் பொருள். அவை திரண்டு தாமாகவே கட்டிகளாக வேண்டும். எந்த எடையில் எத்தனை கட்டிகள் என்று எண்ண வேண்டும். அவர்கள் எழுதிய சூத்திரம் புகழ்பெற்றது, இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்தச் சூத்திரத்தைச் சரிபார்க்க ஒரு கட்டி எங்கே முடிகிறது என்று அவர்கள் வைத்துக்கொண்ட விதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் அது கோள முறை: அடர்ந்த இடத்தை மையமாக வைத்து உருண்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போவது, உள்ளே இருக்கும் சராசரி அடர்த்தி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் நிறுத்துவது.

எந்த அளவில் நிறுத்துவது? 1972இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் விரியும் பிரபஞ்சத்தில் ஓர் உருண்டை எப்படித் தன் எடையால் சரிந்து விழும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த வழியில் போனால், சரிந்து நிலைகொண்ட உருண்டை சுற்றுப்புறத்தைப்போல 18 பை வர்க்கம் மடங்கு, அதாவது சுமார் 178 மடங்கு அடர்த்தியாக இருக்கும். நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று அது 200 ஆனது. கணக்கு சரியான உருண்டைக்கு மட்டும் பொருந்தும். எந்தக் கட்டியும் சரியான உருண்டையாக இருப்பதில்லை. கணக்கு போடப்பட்ட பிரபஞ்சத்தில் இருள் ஆற்றல் கிடையாது. நம் பிரபஞ்சத்தில் உண்டு. இருந்தும் இன்றுவரை உலகம் முழுக்க வெளியாகும் பட்டியல்களில் எடை என்ற கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த 200ஐ வைத்து அளந்த எடைதான். வசதிக்காக முழுமையாக்கிய ஓர் எண் இயற்கை விதியின் மரியாதையோடு பல பத்தாண்டுகள் நடமாடியிருக்கிறது. எனக்கு இதில் புகார் இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் கோடு போட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவாவது முடியும்.

1978இல் சைமன் ஒயிட்டும் மார்ட்டின் ரீஸும் எழுதிய கட்டுரை இந்தக் கட்டிகளுக்கு ஓர் அந்தஸ்தைக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத இருள்பொருள் முதலில் திரள்கிறது. அந்தத் திரளுக்குள் வாயு விழுந்து குளிர்ந்து, நடுவில் நட்சத்திரங்களாகிறது. இருள்பொருள் திரளை ஹேலோ என்பார்கள். ஹேலோவைப் பிடித்துவிட்டால் மண்டலத்தின் வீட்டைப் பிடித்தாயிற்று. அதனால்தான் எங்கள் தொழிலில் நிரல்களுக்கு ஹேலோ ஃபைண்டர் என்று பெயர்.

அடுத்த பெரிய விதி நிஜ வானத்தை அளந்தவர்கள் பக்கமிருந்து வந்தது. 1982இல் ஜான் ஹூக்ராவும் மார்கரெட் கெல்லரும் ஹார்வர்டின் தொலைவு அளவீட்டில் இருந்த மண்டலங்களைக் குழுக்களாகப் பிரிக்க எளிய வழியைக் கையாண்டார்கள். இரண்டு மண்டலங்கள் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் நண்பர்கள்; நண்பனின் நண்பனும் நண்பன்; சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே குழு முடிகிறது. இதையே 1985இல் மார்க் டேவிஸ், ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியு, கார்லோஸ் ஃப்ரெங்க், சைமன் ஒயிட் ஆகிய நால்வர் அணி சிமுலேஷன் துகள்களுக்குப் போட்டது. பக்கத்துக்கு 32 வீதம் மொத்தம் 32,768 துகள்கள். நட்புக்கான எல்லை, துகள்களுக்கு இடையிலான சராசரி தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு: 0.2. அந்த 0.2 இன்றும் நிரல்களில் இயல்பு மதிப்பாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களில் பாதிப் பேர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

இந்த நால்வரில் மூவர் 1983இல் செய்த வேலை, எண்ணும் விதி எவ்வளவு பெரிய வழக்கைத் தீர்க்கும் என்பதற்கு உதாரணம். 1980இல் மாஸ்கோவில் ஓர் ஆய்வகம் நியூட்ரினோ என்னும் நுண்துகளுக்கு எடை உண்டு, அதுவும் கணிசமாக உண்டு என்று அறிவித்திருந்தது. அப்படியானால் இருள்பொருளே நியூட்ரினோதான் என்று பலரும் நம்பினார்கள். ஒயிட், ஃப்ரெங்க், டேவிஸ் மூவரும் நியூட்ரினோ பிரபஞ்சத்தை ஓட்டிப் பார்த்தார்கள். பொருள் சரிந்து திரண்ட இடத்தில் மட்டுமே மண்டலம் பிறக்கும் என்ற விதியை வைத்து எண்ணினால், மண்டலங்கள் நிஜ வானத்தைவிட மிக அதிகமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நியூட்ரினோவின் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அதன் இடத்துக்குத்தான் குளிர் இருள்பொருள் வந்தது. மாஸ்கோ அளவீடும் பிறகு நிலைக்கவில்லை. தீர்ப்பு சரிதான். ஆனால் விதி இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நட்புச் சங்கிலி முறைக்கு ஒரு தீராத நோய் உண்டு. இரண்டு பெரிய ஹேலோக்களுக்கு நடுவே மெல்லிய இழையாகச் சில துகள்கள் கிடந்தால் போதும், இரண்டையும் சேர்த்து ஒன்று என்று எழுதிவிடும். மையம் எங்கே என்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவில், வெற்றிடத்தில் இருக்கும். கோள முறைக்கு நேர் எதிரான நோய்: நீண்டு கிடப்பதையும் வளைந்து கிடப்பதையும் உருண்டைக்குள் திணித்து, ஓரத்தை வெட்டிவிடும். இரண்டையும் ஒரே கோப்பில் ஓட்டி, வரும் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாளெல்லாம் தகராறுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி உள்ளே இருந்தது. கோமா போன்ற கொத்தில் ஆயிரத்துக்கு மேல் மண்டலங்கள் இருக்கின்றன. 1990களின் பாதிவரை சிமுலேஷனில் வந்த கொத்துகளோ உள்ளே எதுவுமே இல்லாத ஒரே வழவழப்பான உருண்டைகள். உள்ளே விழுந்த சிறு ஹேலோக்கள் கரைந்து காணாமல் போயின. இருள்பொருள் கொள்கையே தவறோ என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். குற்றவாளிகள் இருவர். ஒன்று, துகள்கள் போதாமல் சிமுலேஷனே சிறு ஹேலோக்களைச் சிதைத்தது. இன்னொன்று, நட்புச் சங்கிலி வெளி எல்லையை மட்டும் பார்க்கும். உள்ளே குடியிருப்பவர்களை அதற்குத் தெரியாது. 1998இல் ஜிக்னாவும் சகாக்களும் ஒரே கொத்துக்கு லட்சக்கணக்கான துகள்களைச் செலவழித்து ஓட்டியபோது, உள்ளே நூற்றுக்கணக்கான துணை ஹேலோக்கள் உயிரோடு இருந்தன.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழ். 1999இல் அனடோலி கிளிப்பின் குழுவும் பென் மூர் குழுவும் தனித்தனியே நம் பால்வீதி அளவுள்ள ஹேலோக்களுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். மூர் குழுவின் கணக்கில் சுமார் 500 துணை ஹேலோக்கள். அன்று வானத்தில் தெரிந்த துணை மண்டலங்களோ பத்துக்குச் சற்றே மேல். முதலில் ஆட்களே இல்லை என்ற புகார். இப்போது ஆட்கள் கூடிப்போனார்கள் என்ற புகார். 2005க்குப் பிறகு ஸ்லோன் வானளவீட்டில் மங்கலான குள்ள மண்டலங்கள் வரிசையாக அகப்பட்டன. சிறிய ஹேலோக்களில் ஆதிகால நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர் வாயுவைச் சூடாக்கித் தங்கவிடாமல் செய்திருக்கும், அதனால் பலவற்றில் நட்சத்திரமே பிறந்திருக்காது என்ற விளக்கமும் வலுப்பெற்றது. அதாவது வீடு இருக்கிறது, குடியிருப்பவர் இல்லை.

உள்ளே இருப்பவர்களை எண்ண எழுதப்பட்ட நிரல்களில் நான் அதிகம் புழங்கியது சப்ஃபைண்ட். 2001இல் ஃபோல்கர் ஸ்ப்ரிங்கலும் சகாக்களும் வெளியிட்டது. அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் நட்புச் சங்கிலியால் ஒரு பெரிய குழுவைப் பிடிக்கிறது. குழுவின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் எவ்வளவு நெரிசல் என்று கணக்கிட்டு, நெரிசல் மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்துகிறது. பிறகு அந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே வைத்தவர் யாரும் இல்லையென்றால் அது புதிய சிகரம். ஒரு சிகரத்தின் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் அதோடு சேரும். இரண்டு சிகரங்களின் ஆட்களையும் ஒரே துகள் தொட்டால், அதுதான் இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாய். அந்த இடத்தில் எல்லைக்கோடு விழும். கடைசியாக ஒரு கண்டிப்பான சோதனை: எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு துகளின் வேகத்தையும் பார்த்து, அந்தக் கட்டியின் ஈர்ப்பை மீறி ஓடக்கூடியதை வெளியே தள்ளுகிறது. தள்ளத் தள்ளக் கட்டியின் ஈர்ப்பும் குறையும், இன்னும் சிலர் தகுதி இழப்பார்கள். நின்ற பிறகு மிச்சம் 20 துகளாவது இருந்தால் பட்டியலில் இடம். 19 என்றால் இல்லை. அந்த 19ஐப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

2005இல் ஜெர்மனியின் கார்கிங்கில் மில்லேனியம் சிமுலேஷன் 1,000 கோடிக்கும் மேற்பட்ட துகள்களோடு 512 செயலிகளில் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடியது. பக்கம் 200 கோடி ஒளியாண்டுக்கும் அதிகமான பெட்டி. 64 காலக் கட்டங்களில் படம் எடுத்துச் சேமித்த தரவு 25 டெராபைட். அதில் சுமார் 2 கோடி மண்டலங்களைக் காலவரிசையில் பின்தொடர்ந்தார்கள். ஈர்ப்பைக் கணக்கிட அந்த நிரல் கையாண்ட ட்ரீபிஎம் என்னும் கலப்பு முறையை வளர்த்தவர்களில் அலகாபாத் ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜஸ்ஜீத் பாக்லாவும் ஒருவர். 2002இல் அவர் அதை எழுதியது நம் நாட்டு வானியல் இதழில்தான்.

ஆளுக்கொரு நிரல் எழுதியதில் ஒரு கட்டத்தில் யார் எண்ணுவது சரி என்ற கேள்வி வெடித்தது. 2010 மே மாதம் மாட்ரிட்டுக்கு அருகே மிராஃப்ளோரஸ் தெ லா சியெர்ரா என்ற ஊரில் நிரல் எழுதியவர்கள் கூடி, விடை முன்பே தெரிந்த செயற்கை ஹேலோக்களை ஒரே வினாத்தாளாக எல்லா நிரல்களுக்கும் கொடுத்தார்கள். அலெக்சாண்டர் க்னெபே தலைமையில் 2011இல் முடிவு வெளிவந்தது. தனியாக நிற்கும் ஹேலோவின் இடத்தை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். பெரிய ஹேலோவின் மையத்துக்கு அருகே போன துணை ஹேலோவை, இடத்தை மட்டும் பார்க்கும் நிரல்கள் கோட்டைவிட்டன. பின்னணி நெரிசலில் அதன் சிகரம் மறைந்துவிடுகிறது. அதே ஆண்டு மல்ட்ரூ, பியர்ஸ், பவர் மூவரும் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள்: கொஞ்சமும் மாறாத ஒரே துணை ஹேலோவை மையத்தை நோக்கி நகர்த்தி வைத்தால், சப்ஃபைண்ட் சொல்லும் எடை குறைந்துகொண்டே போனது. இடத்தோடு வேகத்தையும் பார்க்கும் நிரல்கள் இந்தப் பரீட்சையில் தேறின. இரண்டு கூட்டங்கள் ஒரே இடத்தில் இருந்தாலும் வேறு வேறு வேகத்தில் போகின்றன அல்லவா. பீட்டர் பெரூசியும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ராக்ஸ்டார் என்ற நிரல் காலத்தையும் சேர்த்துப் பார்த்தது.

மாட்ரிட் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எடையை நம்பாதீர்கள், சுழற்சி வேகத்தின் உச்சத்தை வைத்து ஒப்பிடுங்கள் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். ஹேலோவுக்கு ஓரம் என்ற ஒன்றை வரையறுப்பதே தன்னிச்சையானது என்று காரணமும் சொன்னார்கள். எல்லைக்கோடு போடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கூடி உட்கார்ந்து இப்படி எழுதியது பெரிய நேர்மை.

காலத்தைப் பின்தொடரும்போது இந்தக் குறைகள் விசித்திரமாக வெளிப்படும். ஒரு துணை ஹேலோ ஒரு கோப்பில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, அதற்கடுத்ததில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மையத்தைக் கடந்த நேரத்தில் நிரலின் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு மண்டலம் செத்ததாகவும் இன்னொன்று பிறந்ததாகவும் பதிவாகும். சம எடையில் இரண்டு மோதினால் எது பெரியது, எது துணை என்பதில் நிரல் கோப்புக்குக் கோப்பு மனம் மாறும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வம்சாவளி நிரல்கள் தனியாக வந்தன. அவற்றுக்கும் 2013இல் ஒரு போட்டி நடந்தது. போதாததற்கு, 2018இல் ஃபிராங்க் ஃபான் டென் போஷும் கோ ஓகியாவும் சிமுலேஷன்களில் துணை ஹேலோக்கள் முற்றாகச் சிதைவதில் பெரும்பகுதி இயற்கையின் செயல் அல்ல, துகள் பற்றாக்குறை போன்ற எண்கணக்குக் குறைகளின் விளைவு என்று காட்டினார்கள். 1990களில் தீர்ந்ததாக நினைத்த தலைவலி முழுதாகத் தீரவில்லை.

இன்றைய சிமுலேஷன்களில் வாயுவும் நட்சத்திரங்களும் சேர்ந்தே ஓடுகின்றன. 2014இல் வந்த இல்லஸ்ட்ரிஸ் பெட்டியில் 41,416 மண்டலங்கள் தெளிவாகத் தெரிந்தன. நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிகிற பொருள், இனி எல்லைத் தகராறு இராது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மண்டலத்தைச் சுற்றி மங்கலான நட்சத்திர ஒளி வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. அதில் எதுவரை சொந்தம்? 2015இல் ஈகிள் என்ற சிமுலேஷனை ஓட்டிய குழு மையத்திலிருந்து 30 கிலோபார்செக், கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஒளியாண்டு தூரத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணுவது என்று முடிவுசெய்தது. இன்னொரு 200, இன்னொரு 0.2.

இல்லஸ்ட்ரிஸின் வாரிசான டிஎன்ஜி தரவு முழுவதும் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைப் பதிவு செய்தால் போதும், மதுரையில் முதுகலை படிக்கும் மாணவரும் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் துணை ஹேலோ பட்டியலில் சப்ஹேலோஃபிளாக் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் பூஜ்யம் என்று இருந்தால், சப்ஃபைண்ட் அதைத் தனிப் பொருளாகப் பிடித்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது வேறொரு மண்டலத்தின் தட்டிலிருந்து பிய்ந்த துண்டு, தனியாகப் பிறந்த மண்டலமாக எண்ண வேண்டாம் என்று அந்தக் குழுவினரே குறித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வரைபடம் போட உட்காருவதற்கு முன்னால் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.